பூஜ்யத்தில் பிறந்த ஆய்வகம்

1960களின் தொடக்கம். கோலார் தங்கவயலில், தரைக்குக் கீழே ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு கருவி வைக்கப்பட்டது. அதன் வேலை எளிமையானது. மேலேயிருந்து பாறையைத் துளைத்துக்கொண்டு ஒரு துகள் வந்தால் ‘ஒன்று’ என்று எண்ண வேண்டும். அடுத்தது வந்தால் ‘இரண்டு’. வைத்தவர்கள் மியாகே என்ற ஜப்பானிய விஞ்ஞானியும், மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நரசிம்மன், ரமணமூர்த்தி என்ற இருவரும். இரண்டு மாதம் ஓடியது. எண்ணிக்கை பூஜ்யத்தை விட்டு நகரவில்லை.

இப்படி ஆனால் கருவி பழுது என்பார்கள், இல்லையென்றால் இடம் சரியில்லை என்று மூட்டை கட்டுவார்கள். கருவி நன்றாகவே இருந்தது. அதற்கு மேலே இருந்த ஆழங்களில் ஒழுங்காக எண்ணிக்கொண்டுதான் வந்திருந்தது. ஆக, இது வேறு வகைப் பூஜ்யம். வானத்திலிருந்து ஓயாமல் கொட்டும் துகள் மழை ஒரு சொட்டுகூட எட்டாத இடம் ஒன்று பூமிக்குள் இருக்கிறது, அது கோலாரில் இருக்கிறது என்று அந்தப் பூஜ்யம் சொன்னது. வானில் பிறந்த நியூட்ரினோவை மனிதர்கள் முதன்முதலாகப் பிடித்த கதை இங்கேதான் கருக்கொண்டது.

துகள் மழை என்றேன். 1912 ஆகஸ்ட் 7 அன்று ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ் ஹைட்ரஜன் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறிப் போனார். மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். கதிர் நிலத்திலிருந்து வருவதாக இருந்தால் குறைந்திருக்க வேண்டும். கூடியதால், வெளியிலிருந்து ஏதோ வருகிறது என்று தெரிந்தது. அதைத்தான் காஸ்மிக் கதிர் என்கிறோம். பெரும்பாலும் புரோட்டான்கள், வெடித்த விண்மீன்கள் போன்ற வன்முறையான இடங்களிலிருந்து புறப்பட்டு வருபவை. அவை நம் காற்று மண்டலத்தின் உச்சியில் மோதிச் சிதறும்போது பயான் என்ற துகள்கள் பிறக்கின்றன. பயான் நொடிப்பொழுதில் சிதைந்து இரண்டு பிள்ளைகளைத் தருகிறது. ஒன்று மியூஆன், மற்றது நியூட்ரினோ.

இந்த இருவரில் மியூஆனைப் பார்ப்பது சுலபம். கையை நீட்டினால் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது. கூரை, தளம் எதுவும் அதற்குத் தடையில்லை. நியூட்ரினோவோ எதையும் தொடாமல் போகும். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டுமே விரல் நகம் அளவுள்ள இடத்தின் வழியாக நொடிக்குச் சுமார் 6,500 கோடி போகின்றன. நம் வாழ்நாளில் அவற்றில் ஒன்று நம் உடம்பில் மோதினால் அதுவே அதிகம். கல்யாண வீட்டில் மேளம் உச்சத்தில் இருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்லும் ரகசியம் கேட்குமா? தரைமேல் நியூட்ரினோவைத் தேடுவது அப்படி. மேளக்காரர் மியூஆன். அவரை நிறுத்த முடியாது. மேளம் கேட்காத தூரத்துக்கு நாம்தான் போக வேண்டும்.

பூமிக்குள் போவது என்றால் யாராவது குழி வெட்டியிருக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் குழியை எந்தப் பல்கலைக்கழகமும் தன் செலவில் வெட்டாது. கோலாரில் அது தயாராக இருந்தது.

ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் அங்கே கால் வைத்ததிலிருந்து தங்கத்தின் பின்னாலேயே போய்ப் போய்ச் சுரங்கம் ஆழமானது. 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்ததும் இந்தச் சுரங்கத்துக்குத்தான். பெங்களூருக்கு விளக்கு பிறகுதான் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஒரு கட்டத்தில் மூன்று கிலோமீட்டரையும் தாண்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துத் தெறிக்கும். அப்படி ஆட்கள் செத்துப்போவது அங்கே புதிய செய்தி அல்ல. சாகாமல் மேலே வந்தவர்களின் நுரையீரலில் கல் தூசி படிந்தது.

இந்தக் குழியை வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். வட ஆர்க்காடு, சேலம் பக்கமிருந்து போனவர்கள். அவர்களில் மிகப் பலர் தலித்துகள். ஊரில் நிலமும் இல்லாமல், இருந்த மரியாதையும் போதாமல் ரயிலேறியவர்கள். தங்கவயலின் மாரிகுப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்ததும், அவர் எழுத்துகள் தங்கவயலில் அச்சேறியதும் இப்போது ஆய்வாளர்கள் பலருக்குத் தெரிந்த விஷயம். அதே மக்கள் வெட்டிய குழியில்தான் வானியற்பியலின் ஒரு புதிய பிரிவு பிறந்தது என்பதை மட்டும் அந்த வரலாற்றோடு சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

கோலாரைக் கண்டு சொன்னவர் ஹோமி பாபா. காஸ்மிக் கதிர் அவருடைய பழைய காதல். 1937-ல் கேம்பிரிட்ஜில் இருந்தபோது ஹைட்லர் என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து, காற்றில் துகள் மழை எப்படிப் பெருகுகிறது என்பதற்குக் கணக்கு எழுதியவர். 1939-ல் விடுமுறைக்கு இந்தியா வந்த இடத்தில் உலகப்போர் மூண்டு, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் தங்கிப்போனார். அங்கிருந்து கோலார் தங்கவயல் நூறு கிலோமீட்டர் தொலைவுதான். 1945-ல் டாடா ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியபின், ஸ்ரீகண்டன் என்ற இளைஞரைக் கூப்பிட்டு, சுரங்கத்துக்குள் ஆழம் கூடக் கூட மியூஆன் எவ்வளவு குறைகிறது என்று அளந்து வரச் சொன்னார். 1951 வாக்கில் ஸ்ரீகண்டன் கெய்கர் எண்ணிகளோடு கீழே இறங்கினார். பின்னாளில் அந்த நிலையத்துக்கே இயக்குநரானவர் அவர்.

முதலில் சில நூறு மீட்டர். பிறகு இன்னும் கீழே. பத்தாண்டு இந்த வேலை நடந்தது. வாசிக்கச் சுவாரசியமில்லாத வேலை: ஆழத்துக்கு எதிரே எண்ணிக்கை என்று ஒரு வளைகோடு. ஆனால் அந்த வளைகோடு இல்லாவிட்டால் பின்னால் வந்தது எதுவும் இல்லை. கோலார் பாறைக்கு இன்னொரு நல்ல குணமும் இருந்தது. அது சாதாரணப் பாறையைவிடக் கனமானது, தண்ணீரைப் போல மூன்று மடங்கு அடர்த்தி. 2.3 கிலோமீட்டர் பாறை 7 கிலோமீட்டர் தண்ணீருக்குச் சமம். அதைத் துளைத்து வர ஒரு மியூஆனுக்குப் பல லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அவ்வளவு ஆற்றலோடு வருபவை அரிது. 2.7 கிலோமீட்டரில் வளைகோடு பூஜ்யத்தைத் தொட்டது.

அந்தச் சமயத்தில் வெளியிலும் ஒரு யோசனை பழுத்திருந்தது. பௌலி 1930-ல் காகிதத்தில் கற்பித்த நியூட்ரினோவை 1956-ல் அமெரிக்காவின் ரைன்ஸ், கோவன் இருவரும் அணு உலைக்கு அருகே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அது மனிதன் உண்டாக்கியது. இயற்கையில், வானத்தில் பிறக்கும் நியூட்ரினோவை யாரும் பார்த்ததில்லை. 1960-ல் சோவியத் நாட்டின் மார்க்கோவும் அமெரிக்காவின் கிரைசனும் தனித்தனியே ஒன்றைச் சொன்னார்கள். காற்றில் பிறக்கும் நியூட்ரினோ எப்போதாவது பாறையில் ஓர் அணுக்கருவில் மோதும். மோதினால் ஒரு மியூஆன் பிறக்கும். பூமிக்குள் ஆழத்தில் கருவி வைத்து அந்த மியூஆனைப் பிடிக்கலாம் என்று. இதற்கு வேண்டியது மேலிருந்து வரும் மியூஆன் தொல்லை அறவே இல்லாத ஓர் இடம். கோலார்க்காரர்கள் கையில் அது இருந்தது.

டாடா நிலையத்தின் எம்.ஜி.கே. மேனன் தலைமையில் கூட்டணி அமைந்தது. மும்பையோடு ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்தன. மியாகே ஒசாகா பக்கம். வுல்ஃபெண்டேல் டர்ஹாம் பக்கம். இடம், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் ஷாஃப்ட். 7,600 அடி ஆழம், அதாவது 2.3 கிலோமீட்டர். பூஜ்யம் கிடைத்த இடத்தைவிடக் கொஞ்சம் மேலே என்றாலும், கருவியின் அமைப்பே மீதித் தொல்லையைப் பார்த்துக்கொண்டது.

அந்த அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

மேலிருந்து வருவதை எண்ணும் கருவி என்றால் மொட்டைமாடியில் தட்டு வைப்பதுபோல் படுக்கையாக வைப்பார்கள். இவர்கள் நிமிர்த்தி, சுவர்போல நிறுத்தினார்கள். மூன்று மீட்டர் உயரமும் இரண்டு மீட்டர் அகலமும் கொண்ட இரண்டு பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் சுவர்கள். எதிரெதிரே, இடையில் ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளி. அந்தப் பிளாஸ்டிக்கில் துகள் ஒன்று புகுந்தால் மெல்லிய ஒளி மினுங்கும். ஒளிப்பெருக்கிக் குழாய்கள் அதைப் பார்த்து மின் துடிப்பாக மாற்றும். இரண்டு சுவர்களும் ஒரே சமயத்தில் மினுங்கினால், ஏதோ ஒன்று குறுக்கே கடந்து போயிருக்கிறது என்று பொருள்.

ஏன் சுவர்? செங்குத்தாக இறங்கும் மியூஆனுக்கு எதிரே 2.3 கிலோமீட்டர் பாறை. சாய்வாக வந்தால் பாறை இரட்டிப்பாகும். கிடைமட்டமாக வர வேண்டுமென்றால், பூமியின் வளைவைக் கணக்கிட்டால், ஏறத்தாழ 170 கிலோமீட்டர் பாறையைக் கடந்தாக வேண்டும். எந்த மியூஆனாலும் அது முடியாது. ஆகவே சுவருக்குச் சுவர் படுக்கையாக ஒரு மியூஆன் கடந்து போனால், அது வானத்திலிருந்து நேராக வந்ததல்ல. பக்கத்துப் பாறையிலேயே பிறந்தது. பிறப்பித்தது, பூமியை ஊடுருவி வந்த ஒரு நியூட்ரினோ. வேறு பெற்றோர் இல்லை. வந்த திசையை வைத்தே பிறப்பை நிரூபித்துவிடும் இந்தத் தந்திரத்தில் கணக்கும் உண்டு, அழகும் உண்டு.

திசையைக் காட்ட நியான் குழாய்கள். இது டர்ஹாம்காரர்களின் கைத்தேர்ச்சி. இரண்டு சுவர்களுக்கும் நடுவே வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். உள்ளே நியான் வாயு. அவற்றுக்கிடையே ஈயத் தகடுகள். சுவர்கள் இரண்டும் மினுங்கிய அந்தக் கணம் குழாய்களுக்கு உயர் மின்னழுத்தம் பாயும். துகள் கடந்து போன குழாய்கள் மட்டும் சிவப்பாக ஒளிரும். கேமரா படம் எடுத்துக்கொள்ளும். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால், இருட்டில் புள்ளிகள் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடுதான் எல்லாம்.

இந்தச் சாமான்கள் அத்தனையும், ஈயத் தகடுகள் உட்பட, சுரங்கத் தொழிலாளிகள் வேலைக்கு இறங்கும் அதே கேஜில்தான் கீழே போயின. ஷாஃப்டின் அடியில் புழுக்கமும் ஈரமும் போட்டி போடும். உயர் மின்னழுத்தக் கருவிக்கு இரண்டும் பகை. இவர்கள் மும்பையின் குளிரூட்டிய அறையில் செய்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும் பழுதுபார்ப்பு, அங்கே என்ன பாடு படுத்தியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

போட்டியும் இருந்தது. அணு உலையில் நியூட்ரினோவைக் கண்ட அதே ரைன்ஸ், தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே ஈஸ்ட் ராண்ட் தங்கச் சுரங்கத்தில், 3.2 கிலோமீட்டர் ஆழத்தில் தன் கருவியை நிறுத்தியிருந்தார். அவருடைய உள்ளூர்க் கூட்டாளி விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் செல்ஷாப். அங்கேயும் தங்கம். அங்கேயும் குழி வெட்டியவர்கள் கறுப்பினத் தொழிலாளிகள். வெளியே நிறவெறி ஆட்சி. இந்தியா அந்த நாட்டோடு வணிக உறவையே 1946-ல் முறித்துக்கொண்டிருந்தது. இரண்டு குழிகளுக்கும் நடுவே ஓர் இந்துமாக்கடல்; இரண்டிலும் ஒரே வேட்டை.

1965 பிப்ரவரி 23 அன்று தென்னாப்பிரிக்கக் கருவியில் முதல் நியூட்ரினோ மியூஆன் பதிவானது. அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் கோலாரில் பதிவானது. ஆனால் கோலார் குழுவின் கட்டுரை ஜூலை 12 அன்றே ‘ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழுக்குப் போய்ச் சேர்ந்தது. 1965 ஆகஸ்ட் 15 அன்று அச்சில் வந்தது. ரைன்ஸ் குழுவின் கட்டுரை ஜூலை 26 அன்று சேர்ந்து, ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்க இதழில் வந்தது. இதை வைத்து ‘இந்தியாவே முதல்’ என்று மார் தட்டுகிறவர்களும் உண்டு. வெள்ளையர்கள் நம் பெருமையைத் திருடிவிட்டார்கள் என்று புலம்புகிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாத வேலை. பார்த்ததில் அவர்கள் முந்தினார்கள், எழுதியதில் இவர்கள் முந்தினார்கள். வேறு வேறு கண்டத்தில், வேறு வேறு கருவியில், ஒரே ஆண்டில் ஒரே பதில் வந்தது என்பதுதான் அறிவியலுக்குப் பெரிய லாபம். ஒருவர் சொன்னதை மற்றவர் உறுதிசெய்ய ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

பாபா இதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அடுத்த ஆண்டு, 1966 ஜனவரி 24 அன்று, மான்ட் பிளாங்க் மலையில் மோதிய ஏர் இந்தியா விமானத்தில் அவர் இருந்தார்.

கோலாரில் கருவிகள் பெருகி ஏழாயின. அப்படியும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த நியூட்ரினோக்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். இந்தத் துறையில் பொறுமைதான் முதல் தகுதி. 1980-ல் வேறொரு வேட்டை தொடங்கியது. புரோட்டான் சாகுமா என்ற கேள்வி. அழிவே இல்லாதது என்று நினைத்திருந்த புரோட்டானும் எண்ணிப்பார்க்க முடியாத காலத்துக்குப் பின் சிதையும் என்று அப்போது வந்த கொள்கைகள் சொல்லின. 140 டன் இரும்பைக் கொண்டு ஒரு கருவி கட்டினார்கள். சில நிகழ்வுகளைப் பார்த்து, புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்றும் அறிவித்தார்கள். பின்னால் வந்த பெரிய கருவிகள் எதிலும் அது தென்படவில்லை. கோலாரின் அறிவிப்பு அவசரப்பட்டது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியைக் கருவியிடம் முதலில் கேட்டவர்களில் அவர்கள் இருந்தார்கள்.

அந்தப் பெரிய கருவிகளில் ஒன்று ஜப்பானின் கமியோகாவில், ஒரு துத்தநாகச் சுரங்கத்தில் இருந்தது. கோலாரில் 140 டன் என்றால் அங்கே 3,000 டன் தண்ணீர். அதுவும் புரோட்டான் சாவைத்தான் தேடியது, கிடைத்ததோ வேறு. 1987 பிப்ரவரி 23 அன்று, நம் பக்கத்து விண்மீன் மண்டலத்தில் வெடித்த ஒரு விண்மீனின் நியூட்ரினோக்கள் அதில் பதிவாயின. அதன் வாரிசான சூப்பர் கமியோகாண்டே 1998-ல், கோலாரில் பிடித்த அதே வகைக் காற்றுமண்டல நியூட்ரினோவை ஆயிரக்கணக்கில் எண்ணிப் பார்த்தது. பூமியின் மறுபுறத்திலிருந்து வருபவை எண்ணிக்கையில் குறைந்திருந்தன. வழியில் அவை வேறு வகை நியூட்ரினோவாக உருமாறியிருந்தன. உருமாற வேண்டுமென்றால் நிறை இருந்தாக வேண்டும். நிறையே இல்லை என்று அதுவரை பாடப்புத்தகம் சொல்லிவந்த துகளுக்கு நிறை உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் குழுவின் கஜிதாவுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது இதற்கு.

கோலாரில் என்ன ஆயிற்று? தங்கம் வற்றியது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் கொடுத்த மண்ணில், தோண்டும் செலவு தங்கத்தின் விலையைத் தாண்டியது. ஆழ்சுரங்கப் பகுதிகள் ஒவ்வொன்றாக மூடப்பட, 1990களின் தொடக்கத்தில் ஆய்வும் முடிவுக்கு வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மொத்தமாகக் கதவைச் சாத்தியது. இறைக்கும் பம்புகள் நின்றன. குழிகளில் தண்ணீர் ஏறியது.

அதன் பிறகு இந்தியாவுக்கு ஒரு நியூட்ரினோ ஆய்வகம் வேண்டும் என்று புதிதாக இடம் தேடினார்கள். நீலகிரியில் சிங்காரா, அங்கே யானை வழித்தடம், கைவிடப்பட்டது. பிறகு தேனி மாவட்டம் பொட்டிபுரம். 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. போராட்டமும் வழக்குகளும் தொடர்ந்தன. 2022-ல் தமிழ்நாடு அரசு அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மலையைக் குடைவதா வேண்டாமா என்ற வாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் ஏற்கெனவே குடைந்து, நாற்பது ஆண்டு கருவி வைத்துப் பழகிய ஒரு குழி நம்மிடம் இருந்தது. அதில் ஓர் ஆழத்தையாவது அறிவியலுக்காகத் தண்ணீர் ஏறாமல் காப்பாற்றி வைத்திருக்கலாம். இதைச் செய்யாமல் விட்டதற்கு எந்தச் சமாதானமும் எனக்கு ஒப்பவில்லை.

1965-ன் அந்தக் கட்டுரையில் விஞ்ஞானிகளின் பெயர்கள் இருக்கின்றன. கேஜை இயக்கியவர், ஈயத் தகடு சுமந்தவர், குறுக்குச் சுரங்கத்துக்குக் காற்று போகும் குழாயைப் பார்த்துக்கொண்டவர், பம்பு ஓட்டியவர் பெயர்கள் அதில் இல்லை. அவர்களில் இளையவர்களாக இருந்தவர்கள் இன்று எண்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். பலர் ஓய்வுபெற்று ஆம்பூர், குடியாத்தம், வாணியம்பாடி என்று பழைய ஊர்ப்பக்கமே திரும்பிவிட்டார்கள்; பலர் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ தங்கவயலில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால், ஹீத்கோட் ஷாஃப்டில் கண்ணாடிக் குழாய் இறக்கினார்களே, நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சொல்வதை அப்படியே பதிவு செய்து வையுங்கள். காத்திருக்க நேரமில்லை.